நின்றுபோன டிரையரும் இரண்டு மோட்டார்களும்

அம்பாங் வட்டாரத்தில் காலை வெயிலை நம்பித் துணி துவைத்தவர்கள் மாலை மழையில் ஏமாந்துபோவது வாடிக்கை. கோலாலம்பூரைச் சுற்றி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏப்ரலிலும் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இன்னும் கூடுதல். அடுக்குமாடி வீட்டில் துணி உலர்த்த இருப்பது சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறிய யார்டு மட்டும்தான். முன்பக்கத்துப் பால்கனியில் துணி தொங்கவிடப் பல நிர்வாகங்கள் சம்மதிப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் பெரியவர்களின் வேலைச் சட்டையும் மறுநாள் விடிவதற்குள் காய்ந்தாக வேண்டும் என்பதால், டிரையர் இங்கே பல குடும்பங்களுக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது.

அந்த டிரையர் ஒரு நாள் நின்றுபோனால், வீட்டில் முதலில் எழும் பேச்சு “மோட்டார் போச்சு” என்பது. அடுத்த பேச்சு, “புதுசு வாங்கிடலாமா?” இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பது எந்த வகை மோட்டார்? இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் உள்ள டிரையர்களில் பொதுவாக இரண்டு வகை மோட்டார்களைக் காண்கிறோம். ஒன்று, கெப்பாசிட்டரோடு ஓடும் பழைய இண்டக்‌ஷன் மோட்டார். சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் டிரையர்களில் இதுதான் வழக்கம். மற்றொன்று, நிரந்தரக் காந்தம் வைத்து, மின்னணுப் பலகை ஓட்டும் இன்வெர்ட்டர் மோட்டார். வெப்பத்தை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் டிரையர்களில் இது பரவலாக இருக்கிறது. இரண்டையும் பழுதுபார்ப்பவரின் கண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த ஒப்பாய்வு. கடையில் விற்பவர் இரண்டையும் மின்சாரச் செலவை வைத்து மட்டும் ஒப்பிடுவார். அது பாதி ஒப்பீடுதான். நின்றுபோன மோட்டாரை ஒரு வீடு மீண்டும் ஓட வைக்க முடியுமா என்பது மறுபாதி.

ஓடும் விதம்

இண்டக்‌ஷன் மோட்டாரின் அடிப்படை 1888-இலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே அதே ஆண்டில் அதை வெளியிட்டார்கள். நிலையாக இருக்கும் செம்புச் சுருள்களில் மின்சாரம் பாய்ந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கும்; நடுவில் உள்ள உருளை அந்தப் புலத்தின் பின்னாலேயே சுற்றும். உருளைக்குக் கம்பி இணைப்பு எதுவும் கிடையாது, தேய்வதற்குக் கார்பன் பிரஷும் கிடையாது. வீட்டு மின்சாரம் ஒற்றை ஃபேஸ் என்பதால் அது மட்டும் சுழலும் புலத்தைத் தராது. அதற்காக இரண்டாவது சுருளோடு சில மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரைச் சேர்க்கிறார்கள். மலேசியாவின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று ஓடும். விரல் கனமே உள்ள தண்டின்மேல் நேராகப் பெல்ட் ஓடி, பெரிய டிரம்மை நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்றுக்கு இறக்கிவிடுகிறது. பல டிரையர்களில் அதே தண்டின் மறுமுனையில் காற்றாடி இருக்கும். டிரம்மும் காற்றும் ஒரே மோட்டாரின் பொறுப்பு.

இன்வெர்ட்டர் மோட்டாரில் சுழலும் பகுதியில் காந்தங்கள் பதிந்திருக்கும். வெளியே மூன்று சுருள்கள். வீட்டு மின்சாரம் இதற்கு நேரே போவதில்லை. மின்னணுப் பலகை முதலில் அதை நேர்மின்சாரமாக்கும். பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கி, தேவையான வேகத்துக்கு ஏற்ற மூன்று ஃபேஸ் மின்சாரமாகச் சுருள்களுக்கு அனுப்பும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், திசையை மாற்றலாம், துணியின் எடையைக்கூட ஓரளவு உணரலாம். இந்த மோட்டார் தனித்து நிற்கும் பொருள் அல்ல. பலகையும் அதுவும் சேர்ந்துதான் ஒரு மோட்டார்.

இந்த வேறுபாட்டால் அம்பாங்வாசிகளுக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. வெளிநாட்டுக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்து மாறிப்போகும் ஊர் இது. ஒரு பகுதியைக் கொரிய டவுன் என்றே அழைக்கிறார்கள். கைமாறி வரும் பழைய இயந்திரத்தை வாங்குபவர் அதன் பின்பக்கத் தகட்டைப் பார்த்தாக வேண்டும். கொரியாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த நாடுகளின் சந்தைக்கென்று செய்த இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், காற்றோட்டம் குறையும், சுருளில் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். அப்படிப்பட்ட மோட்டார் அடிக்கடி நிற்பதைப் பழுது என்று சொல்ல முடியாது. இடம் மாறி வந்ததன் விளைவு அது. இன்வெர்ட்டர் மோட்டாரின் வேகத்தைப் பலகைதான் தீர்மானிக்கிறது என்பதால், வோல்ட்டும் பொருந்தினால், இந்த வேறுபாடு அதை அவ்வளவாகப் பாதிக்காது.

பழுதாகும் விதம்

இண்டக்‌ஷன் மோட்டாரின் நோய்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. முதலாவது கெப்பாசிட்டர் வலுவிழப்பது. பட்டனை அழுத்தினால் “ம்ம்” என்று முனகும், சுற்றாது. இரண்டாவது, பேரிங் அல்லது புஷ் வறண்டு இறுகுவது. கிறீச்சென்ற சத்தம் பல நாள் முன்பே எச்சரித்திருக்கும். மூன்றாவது, சுருளுக்குள் பதிந்திருக்கும் வெப்பத் தடுப்பு மோட்டாரை நிறுத்துவது. இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் திரும்ப ஓடினால் இதுதான். நான்காவதுதான் உண்மையில் சுருள் கருகிப்போவது. கருகிய வார்னிஷ் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

மூன்றாவது நோய்க்குக் காரணம் பல நேரம் மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சு வடிகட்டியைத் தாண்டி உள்ளே போய், காற்றாடியிலும் மோட்டாரின் மேலும் படிகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. யார்டின் சன்னலை மூடிவைத்து டிரையரை ஓட்டினால், வெளியேற்றிய ஈரக்காற்றையே அது திரும்ப இழுக்கும். ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். பஞ்சைத் துப்புரவு செய்யாமல் புது மோட்டார் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

பஞ்சின் ஆபத்து மோட்டாரோடு முடிவதில்லை. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ, பழுதுள்ள டிரையரிலிருந்து கிளம்பியது. ஹீட்டரின்மேல் பஞ்சு விழும் குறைக்காகப் பிரிட்டனில் ஏராளமான டிரையர்களைத் திருத்த வேண்டியிருந்தது; 2019-இல் திரும்பப் பெறும் அறிவிப்பும் வந்தது. அமெரிக்காவில் வீட்டு டிரையர் தீ விபத்துகளுக்கு முதன்மைக் காரணமாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சுட்டுவது, துப்புரவு செய்யாமல் விடுவதை. மின்தூக்கியும் ஒடுங்கிய நடைவழியும் உள்ள நம் குடியிருப்புகளில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. டிரையரைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது என்பதை ஒவ்வொரு வீடும் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டர் மோட்டாரில் சுருளோ காந்தமோ கெடுவது அரிது. பேரிங் தேயலாம், இணைப்பு முனைகள் ஈரத்தில் பச்சை பூக்கலாம், வேகத்தை உணரும் சிறு சென்சார் போகலாம். பெரும்பாலும் முதலில் விழுவது பலகைதான். உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்னல் விழும்போது கம்பிவழி வரும் மின்னழுத்த ஏற்றம் பலகையின் பாகங்களை ஒரு நொடியில் கொன்றுவிடும். கதகதப்பைத் தேடிப் புகும் எறும்பும் பல்லியும் பலகையில் ஷார்ட் உண்டாக்குவது வெப்ப நாடுகளின் பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் அறிந்த கதை. மோட்டார் சாகவில்லை, அதை ஓட்டும் கை செத்துவிட்டது. ஆனால் திரையில் வரும் பிழைக்குறியீடு “மோட்டார் கோளாறு” என்றே சொல்லும். அதை அப்படியே நம்பி மோட்டாரை வாங்குபவர் பணத்தை வீணாக்குகிறார்.

கண்டறியும் வழி

இண்டக்‌ஷன் மோட்டாரைச் சோதிக்க கெப்பாசிட்டரையும் அளக்கக்கூடிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரின் மின்னேற்றத்தை இறக்கிய பிறகு, கெப்பாசிட்டரை அளந்து, அதன்மேல் எழுதியுள்ள மதிப்போடு ஒப்பிட வேண்டும். இருபக்கமும் சுற்றும் மோட்டாரில் மூன்று முனைகள் இருக்கும். பொதுமுனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தடை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே இரண்டின் கூட்டுத்தொகை வர வேண்டும். முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் சுருள் உடலைத் தொட்டுவிட்டது என்று பொருள்; வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிசிபி) விழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றினால் பேரிங்கின் நிலை விரலுக்கே தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடலாம்.

இன்வெர்ட்டர் மோட்டாரையும் சோதிக்க முடியும். ஆனால் முறை வேறு. மூன்று முனைகளில் எந்த இரண்டை எடுத்தாலும் தடை ஒன்றாக இருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றி, மூன்று முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தண்டைச் சுற்றினால் கனமாக இழுக்கும், பிரித்துவிட்டால் லேசாகும். காந்தமும் சுருளும் உயிரோடு இருப்பதற்கு அதுவே சான்று. இந்தச் சோதனையில் மோட்டார் தேறிவிட்டால் குற்றவாளி பலகையாகவோ சென்சாராகவோ இருக்கும். பலகையைச் சோதிப்பது எல்லார் கைக்கும் ஏற்ற வேலையல்ல. அதில் 325 வோல்ட் வரை நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் அது உயிரைப் பறிக்கும் அளவில் இருக்கலாம். மின்னணுப் பழுது தெரிந்தவரே அதைத் தொட வேண்டும்.

பொருள் கிடைக்கும் இடம்

இங்கே இரண்டுக்கும் இடைவெளி மிக அகலம். கெப்பாசிட்டரும் பெல்ட்டும் பேரிங்கும் கடைப்பொருள்கள். அம்பாங்கிலிருந்து எல்ஆர்டி ஏறிப் புடு நிலையத்தில் இறங்கினால், மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன ஜாலான் பாசார் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் மதிப்பும் தாங்கும் வோல்ட்டும் தெரிந்தால் போதும்; எந்த நிறுவனத்தின் டிரையர் என்று கடைக்காரர் கேட்க மாட்டார். மோட்டாரையே மாற்ற வேண்டுமென்றாலும், தகட்டில் உள்ள வோல்ட், ஹெர்ட்ஸ், கெப்பாசிட்டர் மதிப்பு, தண்டின் நீளம், சுழலும் திசை ஆகியவை பொருந்தினால் வேறு தயாரிப்பும் பொருந்த வாய்ப்பு உண்டு.

அதுவும் கிடைக்காவிட்டால், காயில் கட்டிக்கொள்ளலாம். கருகிய கம்பியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள எனாமல் கம்பியை அதே சுற்றுக்கணக்கில் சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்துவது நம் தமிழ்க் கைவினைஞர்களுக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதை 1937-இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தார்கள். அன்றிலிருந்து கோயம்புத்தூரைச் சூழ்ந்த கொங்கு நாட்டின் பட்டறைகளில் மோட்டாரைத் தூக்கி எறிவது கடைசி வழியாகத்தான் இருந்துவருகிறது. டிரையரின் சிறு மோட்டாரில் காயில் கட்டும் கூலி புது மோட்டாரின் விலையை நெருங்கலாம். ஆகவே உற்பத்தி நின்றுபோன மாடலுக்குத்தான் இது பொருத்தம். அப்படி ஒரு வழி திறந்திருப்பதே இந்த மோட்டாரின் பெரும் பலம்.

இன்வெர்ட்டர் மோட்டாருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பலகையும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருத்தி எழுதிய மென்பொருளோடு வருகின்றன. வேறு நிறுவனத்தின் மோட்டாரை மாட்ட முடியாது. அதே நிறுவனத்தின் அடுத்த மாடலுடையதுகூடப் பொருந்தாமல் போகலாம். நிறுவனத்தின் சேவை மையம்தான் ஒரே வாசல். அங்கே “ஸ்டாக் இல்லை” என்றால், நன்றாக இருக்கும் டிரம், கதவு, கம்ப்ரசர் எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

மாற்றும் வேலை

இண்டக்‌ஷன் மோட்டாரை மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை, மேதைமை தேவையில்லை. பிரிக்கும் முன் பெல்ட் ஓடும் பாதையையும் கம்பிகளின் நிறத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். இழுவைச் சக்கரத்தைத் தள்ளிப் பெல்ட்டை விடுவித்து, காற்றாடியைக் கழற்ற வேண்டும். பல மாடல்களில் காற்றாடியின் நட்டு வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். இது தெரியாமல் முறுக்கினால் காற்றாடி உடைந்துவிடும். மோட்டாரைப் பிடித்திருக்கும் கவ்விகளை எடுத்துப் புதியதை உட்கார வைத்து, கெப்பாசிட்டரையும் பெல்ட்டையும் அதே வேளையில் மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் மலிவானவை, அவற்றுக்காக மறுபடி பிரிப்பது வீண்வேலை. உள்ளே படிந்த பஞ்சையெல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகே மூட வேண்டும். முதல் ஓட்டம் துணியில்லாமல், சூடில்லாத நிலையில் இருக்கட்டும்.

ஹீட் பம்ப் டிரையரில் மோட்டாரைச் சென்றடைவதே கடினம். கம்ப்ரசரும் குளிர்வாயுக் குழாய்களும் அடித்தட்டை நிறைத்திருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் ஆர்-290 என்ற புரொப்பேன் வாயு இருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும். ஸ்குரூடிரைவர் வழுக்கிக் குழாயைக் குத்தினால் விளைவு பயங்கரமாக இருக்கும். டிரம் மோட்டாரை மாற்றுவது பலகை தெரிந்தவர் வேலை. கம்ப்ரசரின் மோட்டார் போனால் அது ஏர்கான் வேலை தெரிந்தவரின் எல்லைக்குள் வந்துவிடும். வீட்டில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து செய்யும் வேலையாக இதை யாரும் நினைக்க வேண்டாம்.

மின்சாரக் கணக்கு

பழுதுபார்க்கும் எளிமையில் பழைய மோட்டார் வென்றாலும், மின்சாரத்தில் அது தெளிவாகத் தோற்கிறது. உண்மையில் தோற்பது மோட்டாரைவிட அதனுடன் இருக்கும் ஹீட்டர்தான். காற்றை வெளியேற்றும் டிரையரின் ஹீட்டர் 2,000 வாட்டை ஒட்டி இழுக்கும். மோட்டார் இழுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஏழெட்டு கிலோ துணிக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை செலவாகலாம். ஹீட் பம்ப் டிரையர் அதே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் சுமார் ஒன்றரை முதல் இரண்டு யூனிட்டில் முடித்துவிடும். பழைய குடியிருப்புகளில் ப்ளக் பாயிண்ட் கருகும் வீடுகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பழைய வகை ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கும் இடத்தில் ஹீட் பம்ப் வகை நான்கு ஆம்பியரோடு நிற்கிறது.

ஒரு சுற்றுக்கு இரண்டு யூனிட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஓட்டும் பெரிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 730 யூனிட் மிச்சமாகும். வாரம் இரண்டு முறை, அதுவும் மழை விடாத வாரங்களில் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு 200 யூனிட்கூடத் தேறாது. முதல் வீட்டில் ஹீட் பம்பின் கூடுதல் விலை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். இரண்டாவது வீட்டில் அது திரும்புவதற்குள் பலகை ஒருமுறை போய்விட்டால், சேமித்ததெல்லாம் அதோடு போய்விடும்.

வாரண்டியும் சட்டமும்

“மோட்டாருக்குப் பத்து ஆண்டு வாரண்டி” என்ற ஒட்டுவில்லையைப் பல கடைகளில் காணலாம். வாரண்டி அட்டையை முழுதாகப் படித்தால், பெரும்பாலும் அது மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும்தான். பலகைக்கு ஓராண்டோ இரண்டாண்டோதான், கூலி தனி. அரிதில் கெடும் பாகத்துக்கு நீண்ட உறுதியும் முதலில் கெடும் பாகத்துக்குக் குறுகிய உறுதியும் தருவதை வாங்குபவர் கவனித்தாக வேண்டும்.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேலும் விற்பவர்மேலும் வைக்கிறது. இது பலருக்குத் தெரியாத உரிமை. வாங்கும்போதே “உதிரிபாகம் கிடைக்கும் என்று உறுதி இல்லை” என்று தெரிவித்துவிட்டால் இந்தப் பொறுப்பு விலகிவிடும். ஆகவே ரசீதின் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். உரிமை மறுக்கப்பட்டால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம்.

“நியாயமான காலம்” எத்தனை ஆண்டு என்று நம் சட்டம் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சொல்லிவிட்டது: 2025 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள டிரையர் விதிகளின்படி, முக்கிய உதிரிபாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். அதே விதிகள் மின்சாரத்தை அதிகம் உண்ணும் பழைய வகையைப் புதிய விற்பனையிலிருந்து விலக்கி, ஹீட் பம்ப் வகைக்கு வழிவிடுகின்றன. சிக்கனத்தையும் பழுதுபார்க்கும் உரிமையையும் அவர்கள் ஒரே ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். நமக்கு முதலாவது மட்டும் இறக்குமதியாகி, இரண்டாவது துறைமுகத்திலேயே நின்றுவிடக்கூடாது.

யாருக்கு எது

வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார் டிரையர் என்றால், அது நின்றதற்காக இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. கெப்பாசிட்டர், பெல்ட், பஞ்சு என்ற வரிசையில் பாருங்கள். பிறகே மோட்டாரைச் சந்தேகியுங்கள். மோட்டாரே போயிருந்தாலும் டிரம்மும் ஹீட்டரும் நன்றாக இருக்கும்வரை அதை மாற்றுவது ஆதாயம்தான். இருப்பது இன்வெர்ட்டர் மோட்டார் என்றால், பலகையைச் சோதிக்காமல் மோட்டாருக்குப் பணம் கட்டாதீர்கள். மின்னழுத்த ஏற்றத் தடுப்புக் கருவி ஒன்றை இன்றே பொருத்துங்கள். இரண்டு வகையிலும் பழைய மோட்டாரையும் பலகையையும் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்களில், தினமும் ஓட்டும் குடும்பம் ஹீட் பம்ப் வகையை வாங்கலாம். எப்போதாவது ஓட்டுபவருக்குப் பழைய வகையே போதும். எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: இந்த மாடலின் மோட்டாரும் பலகையும் மலேசியாவில் இருப்பில் உள்ளனவா, எத்தனை ஆண்டுக்குத் தருவீர்கள், இன்றைய விலை என்ன? பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள். போதிய பேர் இப்படிக் கேட்டால், பத்து ஆண்டு என்ற எண் நம் சட்டத்திலும் ஏறும்.